ஸ்பிரிங்ளர் வாங்கும் முன் தண்ணீரைச் சோதியுங்கள்
மீஞ்சூர் பகுதி வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

மீஞ்சூர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், பொன்னேரி சாலையோரம் எனப் புதிய வீடுகள் எழும்பும் இடங்களில் எல்லாம் வாசலில் கொஞ்சம் புல்வெளி, சுற்றுச்சுவர் ஓரம் நான்கு பூச்செடி, பின்பக்கம் எலுமிச்சை, முருங்கை, காய்கறிப் பாத்தி என்று வைப்பது வழக்கமாகிவிட்டது. தினமும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க நேரம் இல்லாததால், கடைக்குப் போய் 'ஸ்பிரிங்ளர் செட்' ஒன்றை வாங்கி வந்து போர்வெல் மோட்டாரில் மாட்டிவிடுகிறார்கள்.

முதல் சில மாதம் பச்சைப் பசேல் என்று இருக்கும். கோடை வந்ததும் புல்லின் நுனி வெளுக்கும். எலுமிச்சை இலையின் ஓரம் தீய்ந்தது போல் கருகும். நோய் என்று நினைத்து மருந்து அடிப்பார்கள்; சத்துக் குறைவு என்று உரம் போடுவார்கள். இரண்டாலும் சரியாகாது. மீஞ்சூர் வட்டாரத்தில் இப்படிக் கருகும் செடிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரைத்தான். எந்த ஸ்பிரிங்ளர் வாங்கலாம் என்ற கேள்வி இங்கே இரண்டாவதாக வர வேண்டும். நம் தண்ணீரை இலை மேல் தெளிக்கலாமா என்பதே முதல் கேள்வி.

கடல் உள்ளே வந்த கதை

ஆரணியாறு, கொசஸ்தலையாறு ஆகிய இரண்டும் கொண்டுவந்து சேர்த்த மணல் படுகைதான் இந்தப் பகுதியின் நிலத்தடி நீர்த்தொட்டி. 1960களின் பிற்பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு நடந்த ஆய்வில் இந்தப் படுகையின் நீர்வளம் கண்டறியப்பட்டது. அதன் பிறகு மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் கிணற்று வயல்கள் அமைத்து, சென்னை நகரின் குடிநீருக்கும் மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளுக்கும் தண்ணீர் எடுக்கப்பட்டது. விவசாயத்துக்கும் ஆழ்துளைக் கிணறுகள் பெருகின.

கடலோர நிலத்தடியில் நல்ல நீரும் கடல்நீரும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. நல்ல நீரின் மட்டம் உயர்ந்து இருக்கும்வரை அது கடலை வெளியே தள்ளிவைக்கும். மட்டம் இறங்கினால் கடல் உள்ளே நகரும். மீஞ்சூரில் நடந்தது இதுதான். 1969இல் கடற்கரையிலிருந்து சுமார் 3 கி.மீ. வரை இருந்த உவர்நீர், 1980களில் 9 கி.மீ. வரை உள்ளே வந்துவிட்டது. அதற்குப் பின்னும் நகர்ந்தது. கடல்நீர் ஊடுருவலுக்கு உதாரணம் சொல்லும்போது நீரியல் ஆய்வாளர்கள் மீஞ்சூரைத்தான் முதலில் சொல்வார்கள். பக்கத்துக் காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து தினமும் 10 கோடி லிட்டர் குடிநீர் தயாரிக்கும் நிலையம் 2010இல் திறக்கப்பட்டது. நிலத்தடியில் நல்ல நீரை மீட்க, கொசஸ்தலையாற்றில் சீமாவரம், வல்லூர் போன்ற இடங்களில் தடுப்பணைகளில் நீரைத் தேக்குகிறார்கள்.

இந்தப் பழைய கதையை வீட்டுத் தோட்டக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியதற்குக் காரணம் உண்டு. இங்கே ஒரே தெருவில் ஒரு வீட்டுக் கிணறு இனிக்கும், நான்கு வீடு தள்ளி உப்புக் கரிக்கும். 60 அடியில் ஒரு தண்ணீர், 120 அடியில் வேறு தண்ணீர். பக்கத்து வீட்டில் நன்றாக ஓடும் ஸ்பிரிங்ளர் நம் வீட்டில் செடியைக் கருக்கலாம்.

என்னென்ன சோதிக்க வேண்டும்?

குடிநீர் சுத்திகரிப்புக் கருவி விற்பவர்கள் கையில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டர் முதல் கட்டச் சோதனைக்குப் போதும். அது காட்டும் எண்ணை இப்படிப் புரிந்துகொள்ளலாம்.

* 450க்குக் கீழே: எல்லாச் செடிக்கும் ஏற்றது.
* 450 முதல் 2,000 வரை: செடியைப் பார்த்துத் தேர்வு செய்து, கவனத்தோடு பாய்ச்ச வேண்டிய நீர்.
* 2,000க்கு மேல்: உப்பைத் தாங்கும் செடி தவிர மற்றவற்றுக்குக் கூடாது.

ஆய்வகத்தில் இதையே மின் கடத்துத்திறன் என்று டெசிசைமன் அளவில் தருவார்கள். ஒரு டெசிசைமன் என்பது ஏறத்தாழ 640 டிடிஎஸ்.

ஆனால் தெளிப்புப் பாசனத்துக்கு டிடிஎஸ் மட்டும் பார்த்தால் போதாது. சோடியம், குளோரைடு இரண்டையும் தனியாகப் பார்க்க வேண்டும். ஐ.நா. உணவு, வேளாண் நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, இலை மேல் தெளிக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்குச் சுமார் 100 மில்லிகிராமையும், சோடியம் சுமார் 70 மில்லிகிராமையும் தாண்டினால், தாங்காத செடிகளின் இலை பாதிக்கத் தொடங்கும். இந்தியக் குடிநீர்த் தரத்தில் குளோரைடுக்கு ஏற்கத்தக்க அளவு 250 மில்லிகிராம். வேறு நீர் இல்லாதபோது 1,000 வரை அனுமதி உண்டு. அதாவது, நாம் குடிக்கலாம் என்று சொல்லப்படும் தண்ணீரேகூட எலுமிச்சை இலையைக் கருக்கிவிடலாம்.

வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்களில் பாசன நீரையும் சோதித்துத் தருகிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்துக்கான வேளாண் அறிவியல் நிலையம் திரூரில் இருக்கிறது. அங்கும் ஆலோசனை கேட்கலாம். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு சுத்தமான பாட்டிலில் நீர் பிடிக்க வேண்டும். ஒருமுறை சோதித்தால் போதாது. மழை முடிந்த ஜனவரியில் ஒருமுறை, மே மாதத்தில் ஒருமுறை பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே உங்கள் கிணற்றின் குணத்தைச் சொல்லிவிடும்.

தெளித்தால் ஏன் கருகுகிறது?

வேர் வழியாகப் போகும் உப்பை மண்ணும் வேரும் ஓரளவு வடிகட்டும். இலை மேல் விழும் நீர் அப்படி இல்லை. நீர் ஆவியாகிப் போக, உப்பு இலையிலேயே தங்கி நேராக உள்ளே இறங்கும். அடுத்த முறை தெளிக்கும்போது இன்னும் கொஞ்சம் சேரும். எலுமிச்சை, சாத்துக்குடி போன்றவை இதை மிகக் குறைவாகவே தாங்கும். தக்காளியும் மிளகாயும் அதைவிடக் கொஞ்சம் தாங்கும்.

அனல் மின் நிலையச் சாம்பலும் கரித்தூளும் இலையில் படிவது இந்தப் பகுதியில் பலருக்குத் தெரிந்த தொல்லை. அதைக் கழுவிவிடத்தான் மேலிருந்து தெளிக்கிறோம் என்பார்கள். நோக்கம் நல்லதுதான், ஆனால் அதற்குச் சேமித்த மழைநீரைப் பயன்படுத்துங்கள். உவர்நீரில் கழுவினால் தூசி போய் உப்பு வந்து உட்காரும்.

தெளித்தே ஆக வேண்டும் என்றால் விடியற்காலை 5 முதல் 7 மணிக்குள் தெளிக்கலாம். வெயில் ஏறிய பின் தெளித்தால் ஆவியாவது அதிகம். பிற்பகலில் கடல்காற்று வீசத் தொடங்கினால் பாதித் தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவரில்தான் விழும்.

எதற்கு எது?

ஒரே கருவியை வைத்து முழுத் தோட்டத்துக்கும் பாய்ச்ச நினைப்பதே பெரும்பாலான சிக்கலுக்குக் காரணம். தோட்டத்தை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு வைப்பது நல்லது.

புல்வெளி: தெளிப்பான்தான் ஏற்றது. நிலமட்டத்தில் புதைந்திருந்து, நீர் வரும்போது மட்டும் மேலெழும் 'பாப்-அப்' வகை புல் வெட்டும்போது தடையாக இருக்காது. முளைக்குச்சியில் சொருகும் வகை விலை குறைவு. சிறிய இடத்துக்குப் போதும். வட்டமாகச் சுழன்று நீண்ட தூரம் வீசும் வகை பெரிய மைதானத்துக்கு உரியது. வீட்டில் அதை வைத்தால் சுவரும் காரும்தான் நனையும்.

காய்கறி, பூச்செடி: சொட்டுநீர். இலை நனையாது, உப்பு இலையில் படியாது, களையும் குறையும்.

மரம்: எலுமிச்சை, தென்னை, முருங்கை போன்றவற்றுக்கு, தண்டை ஒட்டி இல்லாமல் கிளை நிழலின் ஓரமாக வட்டமாகச் சொட்டுக்குழாய் விட வேண்டும். ஒரே சொட்டுவானைத் தண்டின் அடியில் வைத்தால் வளர்ந்த மரத்துக்குப் பயன் இல்லை.

வாளியும் கடிகாரமும்

கடைக்குப் போகும் முன் வீட்டில் செய்ய வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. தோட்டக் குழாயை முழுதாகத் திறந்து 15 லிட்டர் வாளியை நிரப்புங்கள். 30 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 30 லிட்டர் வருகிறது என்று பொருள்.

15 அடிக்கு 30 அடி அளவுள்ள புல்வெளியை எடுத்துக்கொள்வோம். 15 அடி தூரம் வீசும் பாப்-அப் தெளிப்பான்களை நான்கு மூலையில் நான்கும், நீளப் பக்கங்களின் நடுவில் இரண்டுமாக ஆறு வைக்க வேண்டும். மூலையில் இருப்பது கால் வட்டம். நிமிடத்துக்குச் சுமார் மூன்றரை லிட்டர். நடுவில் இருப்பது அரை வட்டம். சுமார் 7 லிட்டர். ஆறும் சேர்ந்தால் நிமிடத்துக்கு 28 லிட்டர். உங்கள் குழாயில் 30 லிட்டர் வந்தால் ஆறும் ஒன்றாக ஓடும். 20 லிட்டர்தான் வந்தால் இரண்டு பிரிவாக்கி மாற்றி மாற்றித் திறக்க வேண்டும்.

ஒரு தெளிப்பானின் நீர் அடுத்த தெளிப்பானின் கால் வரை விழ வேண்டும் என்பது இதில் முக்கியமான விதி. செலவைக் குறைக்க நடுவில் உள்ளதை விட்டுவிட்டால், அந்த இடம் காய்ந்து, அதற்காக மற்ற இடத்துக்கும் அதிக நேரம் தண்ணீர் விட வேண்டி வரும்.

அடுத்து அழுத்தம். இந்த வகைத் தெளிப்பானுக்குச் சுமார் 2 கிலோ அழுத்தம் தேவை. தண்ணீர்த்தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். தரைத்தள வீட்டு மொட்டை மாடித் தொட்டி தருவது அரை கிலோவுக்கும் குறைவு. எனவே மாடித் தொட்டியிலிருந்து நேரடியாகப் பாப்-அப் ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். அதற்கு மோட்டார் வேண்டும்.

சொட்டுநீர் அப்படி இல்லை. மாடித் தொட்டியிலேயே ஓடும். ஆனால் அளவு குறையும். 1 கிலோ அழுத்தத்தில் மணிக்கு 4 லிட்டர் தரும் சாதாரணச் சொட்டுவான், 0.4 கிலோ அழுத்தத்தில் சுமார் இரண்டரை லிட்டர் தரும். நேரத்தைக் கூட்டிக்கொண்டால் போதும். அழுத்தத்தைத் தானே சமன்செய்யும் விலை உயர்ந்த சொட்டுவான்களை மாடித் தொட்டிக்கு வாங்காதீர்கள். குறைந்த அழுத்தத்தில் அவை சரியாக வேலை செய்யாது.

எவ்வளவு நேரம் ஓடவிடலாம்?

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. நீர் என்பது 1 லிட்டர். கோடையில் நம் பகுதிப் புல்வெளிக்கு நாளுக்குச் சுமார் 4 மி.மீ. தேவை. மேலே சொன்ன புல்வெளி 42 சதுர மீட்டர். அப்படியானால் நாளுக்கு 168 லிட்டர். காற்றிலும் ஓரத்திலும் வீணாவதையும் சேர்த்தால் 210 லிட்டர். நிமிடத்துக்கு 28 லிட்டர் என்றால் ஏழரை நிமிடம் போதும். பலரும் அரை மணி நேரம் ஓடவிடுகிறார்கள்; அது நான்கு நாள் தண்ணீர்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதைவிட, இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ஆழமாக விடுவது நல்லது. வேர் கீழே இறங்கும். இலை நனையும் தடவையும் குறையும். களிமண்ணாக இருந்து நீர் ஓடி வழிந்தால், பத்து நிமிடம் விட்டு, அரை மணி இடைவெளி கொடுத்து, மீண்டும் பத்து நிமிடம் விடலாம்.

தெளிப்பு சமமாக விழுகிறதா என்று பார்க்க, ஒரே அளவுள்ள நேரான டம்ளர்கள் எட்டுப் பத்தைப் புல்வெளியில் ஆங்காங்கே வைத்துப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். இந்தக் கணக்குப்படி ஒவ்வொன்றிலும் ஆறு முதல் ஏழு மி.மீ. இருக்க வேண்டும். ஒன்றில் இரண்டும் இன்னொன்றில் பத்தும் இருந்தால், முனை அடைத்திருக்கிறது அல்லது இடைவெளி தவறு.

முதல் தூறலில் கவனம்

சொட்டுநீரில் உப்பு மறைந்துவிடுவதில்லை. சொட்டு விழும் இடத்தில் மண் சுத்தமாக இருக்கும். நனைந்த வட்டத்தின் ஓரத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்து நிற்கும். கோடை முழுவதும் அது சேர்ந்துகொண்டே இருக்கும்.

ஆபத்து வருவது முதல் தூறலில். லேசான மழை அந்த ஓரத்து உப்பைக் கரைத்து வேர்ப்பகுதிக்குள் தள்ளிவிடும். நன்றாக இருந்த செடி மழைக்குப் பின் வாடுவதற்கு இது ஒரு காரணம். அதனால் கோடைக்குப் பின் வரும் முதல் தூறலின்போது சொட்டுநீரை நிறுத்தாமல் ஓடவிட வேண்டும். உள்ளிருந்து வெளியே தள்ளும் நீர், உப்பை வேரை நெருங்கவிடாது. கனமழை கொட்டிய பிறகு நிறுத்திக்கொள்ளலாம். அந்த மழையே உப்பைக் கீழே இறக்கிவிடும்.

உவர்நீர் பாய்ச்சுபவர்கள் செடியின் தேவைக்கு மேல் கொஞ்சம் நீர் விட்டு உப்பை வேருக்குக் கீழே இறக்க வேண்டும். 2 டெசிசைமன் நீரை அருகம்புல்லுக்கு விட்டால் கூடுதலாக 6 சதவீதம் போதும். அதே நீரைத் தக்காளிக்கு விட்டால் 20 சதவீதம் கூடுதலாகத் தேவை. பீன்ஸ், கத்தரி, மிளகாய் ஆகியவை உப்பைத் தக்காளியைவிடக் குறைவாகவே தாங்கும். பீட்ரூட் அதிகம் தாங்கும். நீர் உப்பாக உப்பாக, அதே செடிக்கு இன்னும் அதிக நீர் செலவாகிறது என்பதை இதில் கவனிக்க வேண்டும்.

கூரையில் இருக்கிறது நல்ல நீர்

தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமானது. சென்னைப் பகுதியில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. மழை பெய்கிறது, பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில். 1,000 சதுர அடிக் கூரையில் விழும் மழையில் 80 சதவீதத்தைப் பிடித்தாலே ஆண்டுக்கு ஒரு லட்சம் லிட்டர்.

அதில் 10,000 லிட்டரை மூடிய தொட்டியில் சேமித்ததாக வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன புல்வெளிக்குத் தெளித்தால் 50 நாள்கூடத் தாங்காது. நாளுக்கு 2 லிட்டர் வீதம் 20 செடிக்குச் சொட்டுநீரில் கொடுத்தால் 250 நாள் வரும். மிச்ச நீரைக் குழி வழியாக நிலத்தடிக்கு இறக்கினால், உங்கள் கிணற்றின் உப்பு குறைய அதுவும் உதவும்.

ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பு அநேகமாக இல்லை; தொட்டிச் செடிக்கு நல்லது. ஆர்.ஓ. கருவி கழிக்கும் நீர் மூல நீரைவிட உப்பானது. அதைச் செடிக்கு ஊற்றாதீர்கள். துணி துவைத்த நீரில் சோடியம் இருக்கும். உவர் நிலத்தில் அதையும் தவிர்க்கலாம்.

புல்வெளி எவ்வளவு வேண்டும்?

கிணற்று நீர் 1,000 டிடிஎஸ்ஸைத் தாண்டினால் புல்லின் வகையை யோசிக்க வேண்டும். நம் அருகம்புல் உப்பை நன்றாகத் தாங்கும். கடற்கரைப் பகுதிக்கென்றே கிடைக்கும் பாஸ்பாலம் புல் அதைவிட அதிகம் தாங்கும். புல்வெளியைப் பாதியாகக் குறைத்து, மீதி இடத்தில் நிழல் தரும் மரம், மூடாக்குப் போட்ட பாத்தி என்று அமைத்தால், நீர்த் தேவையும் குறையும், வீட்டின் சூடும் குறையும்.

வாங்கும்போது...

* வடிகட்டி இல்லாமல் சொட்டுநீர் அமைக்காதீர்கள். 120 மெஷ் சல்லடை அல்லது தட்டு வடிகட்டி வேண்டும். வாரம் ஒருமுறை கழுவ வேண்டும்.
* உவர்நீர் இரும்பை அரிக்கும். முனை, இணைப்பு, வால்வு எல்லாம் பிளாஸ்டிக்காக இருப்பது நல்லது.
* ஒரே பிரிவில் வெவ்வேறு வகைத் தெளிப்பான்களைக் கலக்காதீர்கள். ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் நீர் தரும்.
* முனைகளும் சொட்டுவான்களும் தனியாகக் கடையில் கிடைக்கும் வகையாகப் பாருங்கள். அடைத்துக்கொண்டால் அதை மட்டும் மாற்றலாம்.
* டைமர் வாங்கினால், மழைக்காலத்தில் அதை நிறுத்தி வைக்க மறக்காதீர்கள். மழை கொட்டும்போது ஓடும் ஸ்பிரிங்ளரைப் பல வீடுகளில் பார்க்கலாம்.
* விவசாயிகளுக்கு அரசு தரும் நுண்ணீர்ப் பாசன மானியம் விளைநிலத்துக்கானது. வீட்டுப் புல்வெளிக்கு மானியம் வாங்கித் தருவதாகச் சொல்பவர்களிடம் முன்பணம் தர வேண்டாம்.

ஒரு வீட்டுப் புல்வெளிக்கு நாளுக்கு 200 லிட்டர் என்பது சின்ன அளவாகத் தோன்றும். ஆனால் புதிதாக வரும் ஒவ்வொரு மனைப்பிரிவிலும் வீட்டுக்கு ஒரு போர்வெல், வாசலுக்கு ஒரு புல்வெளி என்று ஆகிவருகிறது. கடலை உள்ளே இழுத்ததும் இப்படிச் சேர்ந்த கணக்குதான். அரை மணி நேரம் ஓடும் ஸ்பிரிங்ளரை ஏழரை நிமிடமாகக் குறைப்பதற்குக் காசு செலவில்லை. இந்த வாரம் வாளியையும் கடிகாரத்தையும் எடுத்து அளந்து பாருங்கள். கடைக்குப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.